எமிலிக்கு எல்லாம் தெரியும்: திரைக்கதை ஓட்டை என்றால் என்ன?

படம் விட்டு வெளியே வந்து ஸ்டாண்டில் வண்டியை எடுக்கும்போதுதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி எட்டிப் பார்க்கும். “ஆமா, அவன் ஏன் போலீஸுக்கு ஒரு போன் பண்ணலை?” பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டே நண்பன் சொல்வான்: “பண்ணியிருந்தா படம் இடைவேளையோட முடிஞ்சிருக்குமே!” சிரித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

திரில்லர் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்குக்கு இந்தக் கேள்வி எப்போது வரும் என்பது நன்றாகத் தெரியும். படம் பார்த்தவர் வீட்டுக்குப் போய், ஐஸ்பெட்டியைத் திறந்து மிச்சமிருக்கும் கோழித்துண்டை எடுக்கிறார். அப்போதுதான் “அது எப்படி நடந்திருக்க முடியும்?” என்று உறைக்கிறது. அப்படிப்பட்ட காட்சிகளை அவர் ‘ஐஸ்பெட்டிக் காட்சி’ என்றே சொல்லிவந்தார். ஐஸ்பெட்டி வரைக்கும் சந்தேகம் வராவிட்டால் அவருக்குக் கவலையில்லை. நமக்கு வண்டி ஸ்டாண்ட், அவருக்கு ஐஸ்பெட்டி.

சிக்கல் என்னவென்றால், இப்படித் தோன்றுகிற எல்லாச் சந்தேகத்தையும் ‘லாஜிக் இடிக்குது’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வேறு வேறு சரக்கு இருக்கும். சில நிஜமான ஓட்டைகள். சில வெறும் இடைவெளிகள். சில, ஓட்டையே இல்லாமல் மோசமாக எழுதப்பட்டவை. இந்த மூன்றாவது ரகம்தான் பெரிய வில்லன் என்பது என் கட்சி.

இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு வசதியான படம், 2005 ஜனவரியில் வந்த ‘ஹைட் அண்ட் சீக்’. ஜான் போல்சன் இயக்கம், ஆரி ஷ்லாஸ்பெர்க் எழுத்து. ராபர்ட் டி நீரோவும் அப்போது சிறுமியாக இருந்த டகோட்டா ஃபானிங்கும் அப்பா மகளாக நடித்தார்கள். அமெரிக்காவில் வெளியான வாரம் வசூலில் முதலிடம், விமர்சகர்களிடம் செம அடி. கடைசித் திருப்பத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. இன்னும் பார்க்கவில்லை, பார்க்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிதாக இழக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, கதை. டேவிட் ஒரு மனநல நிபுணர், நியூயார்க்கில் வசிப்பவர். மனைவி குளியல் தொட்டியில் இறந்து கிடக்கிறாள். தற்கொலை என்று முடிவாகிறது. பேச்சு மூச்சில்லாமல் உறைந்துபோன மகள் எமிலியைக் கூட்டிக்கொண்டு, காட்டை ஒட்டிய ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபோகிறார். அங்கே எமிலிக்கு ‘சார்லி’ என்றொரு கண்ணுக்குத் தெரியாத நண்பன் கிடைக்கிறான். வீட்டுப் பூனை தொட்டியில் செத்துக் கிடக்கிறது. யார் செய்தது என்று கேட்டால் “சார்லி” என்கிறாள். வீட்டுக்கு வந்துபோகத் தொடங்கும் பெண்ணை அலமாரியிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்து ஜன்னல் வழியே தள்ளிவிடுகிறது. கேட்டால் அதுவும் சார்லி. கடைசியில் சார்லி வேறு யாருமில்லை, டேவிட்தான். ஒரே உடம்பில் இரண்டு ஆள். மனைவிக்கு வேறு தொடர்பு இருப்பதைக் கண்ட இரவில் உருவான இன்னொரு ஆள்தான் அவளைக் கொன்று தற்கொலை போல ஜோடித்தவன். டேவிட்டுக்கு இது எதுவும் தெரியாது. எமிலிக்கு எல்லாம் தெரியும்.

அந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஓட்டை என்பது என்ன?

நிஜ வாழ்க்கையில் நடக்காத ஒன்று படத்தில் நடந்தால் அது ஓட்டை ஆகிவிடாது. நம் ஊர் மாஸ் படத்தில் ஹீரோ ஒரு கையால் பத்துப் பேரைப் பறக்கவிட்டால் யாரும் பௌதிகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அறிமுகப் பாட்டு முடிவதற்குள் “இந்தப் படத்தில் இவர் இப்படித்தான்” என்று படம் நம்மிடம் சொல்லிவிட்டது, நாமும் தலையாட்டிவிட்டோம். ஆனால் அதே ஹீரோவை இடைவேளைக்குப் பிறகு நாலு அடியாட்கள் சுலபமாகக் கட்டிப்போட்டால் இடிக்கும். அப்போது மீறப்பட்டது படம் தானே போட்டுக்கொண்ட விதி. ஓட்டை என்பது அதுதான்: கதை முன்னால் சொன்னதும் பின்னால் சொல்வதும் ஒன்றாக நிற்க முடியாமல் போவது.

அரிஸ்டாட்டில் இதைக் கிட்டத்தட்ட 2,300 ஆண்டுகளுக்கு முன்பே பேசிவிட்டார். நடக்கவே முடியாதது நம்பும்படி இருந்தால், நடக்கக்கூடியது நம்ப முடியாதபடி இருப்பதைவிட மேல் என்றார். அவர் மிகவும் மதித்த நாடகம் சோஃபக்ளீஸ் எழுதிய ‘மன்னன் ஈடிபஸ்’. அதிலேயே ஒரு ஓட்டையைக் காட்டினார். ஈடிபஸ் அந்த ஊருக்கு ராஜாவாகிறான், முந்தைய ராஜாவின் மனைவியையே மணக்கிறான், பிள்ளைகளும் பிறந்துவிடுகின்றன. முந்தைய ராஜா எப்படிச் செத்தார் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் விசாரிக்கவில்லையா? அரிஸ்டாட்டிலின் சமாதானம்: அபத்தம்தான், ஆனால் அது நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது, மேடையில் நடக்கவில்லை, ஆகவே பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் திரைக்கதை எழுதுபவர்கள் இந்தத் தந்திரத்தைத்தான் செய்கிறார்கள். நம்ப முடியாத ஒரு விஷயம் தேவைப்பட்டால் அதை முதல் காட்சிக்கு முன்னால் தள்ளிவிடுவார்கள். ஆரம்பத்தில் என்றால் பார்வையாளன் ஒப்புக்கொள்வான். கிளைமாக்ஸில் வைத்தால் கத்துவான்.

இடைவெளி வேறு. 1958இல் வந்த ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ படம் தொடங்கும்போது, ஸ்காட்டி ஒரு மொட்டைமாடி விளிம்பின் தகரக் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அடுத்த காட்சியில் தோழியின் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். எப்படி இறங்கினார்? யாரோ வந்து காப்பாற்றியிருப்பார்கள். படம் சொல்லவில்லை, அவ்வளவே. சொல்லாததும் முரணானதும் ஒன்றல்ல. 1946இல் வந்த ‘தி பிக் ஸ்லீப்’ படத்தில் ஒரு கார் டிரைவர் சாகிறார். அவரைக் கொன்றது யார் என்று படப்பிடிப்பின்போது குழம்பிப்போய், மூல நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்கே தந்தி அடித்துக் கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. படம் இன்றைக்கும் கொண்டாடப்படுகிறது, ஏனென்றால் அதைப் பார்க்கப் போனவர்கள் டிரைவருக்காகப் போகவில்லை.

குற்றம் சாட்டும் அவசரத்தில் நாமே வழுக்கி விழுவதும் உண்டு. ‘சிட்டிசன் கேன்’ படத்தில் கேன் சாகும்போது சொன்ன ‘ரோஸ்பட்’ என்ற சொல்லைக் கேட்க அறையில் ஆளே இல்லையே என்பது பல காலமாகச் சுற்றிவரும் ‘ஓட்டை’. நர்ஸ் பிறகுதான் உள்ளே வருகிறாள் என்பது உண்மை. ஆனால் தான் அதைக் கேட்டதாகப் பட்லர் படத்தின் பின்பகுதியில் சொல்லிவிடுகிறார். அந்த இடத்தில் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் கிளப்பிவிட்டதோ என்னவோ.

இப்போது டேவிட் வீட்டுக்குப் போகலாம்

இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாக வரும் புகார்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதல் புகார், மனைவியின் மரணம். கொலையைத் தற்கொலையாக ஜோடித்தால் பிரேதப் பரிசோதனையில் தெரியாதா? போலீஸ் கணவனை நாலு கேள்வி கேட்காதா? கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அந்த விசாரணையைப் படம் காட்டவே இல்லை. ஈடிபஸ் கதைதான்: கதை சூடு பிடிக்கும் முன்பே முடிந்துபோன அபத்தம். ஐஸ்பெட்டிக் கேள்வி, மன்னித்துவிடலாம்.

இரண்டாவது, மருத்துவம். ஒரே ஆளுக்குள் பல ஆள் என்ற நிலைக்கு 1994இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பழைய ‘பல ஆளுமை’ என்ற பெயரை நீக்கி வேறு பெயர் கொடுத்தது. மருத்துவர்கள் இதைப் பெரும்பாலும் சிறுவயதில் அனுபவித்த கடும் கொடுமைகளோடு சேர்த்தே பேசுவார்கள். படத்திலோ நடுவயது மனிதர் ஒருவர் ஒரே ராத்திரியில் இரண்டாகப் பிரிகிறார். இது தகவல் பிழை. இதையும் கதை ஓட்டைக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். அதே 2005இல் இங்கே ‘சந்திரமுகி’யும் ‘அந்நியன்’னும் வந்தன. அவற்றைக் கைதட்டி ரசித்த நாம் டேவிட்டிடம் மட்டும் மருத்துவச் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை. ஆனால் அந்த நோய் உள்ளவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்ற எண்ணத்தை இந்த மாதிரிப் படங்கள் விதைப்பது தனியாகக் கண்டிக்க வேண்டிய சங்கதி.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக்காரர். அவரும் மனைவியும் தங்கள் மகளைப் பறிகொடுத்தவர்கள். அவர் எமிலியை ஒரு மாதிரி பார்க்கிறார், இருட்டில் வந்து நிற்கிறார். நாம் அவரைச் சந்தேகப்பட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். டேவிட்டும் அவர்தான் சார்லி என்று நினைத்துக் கத்தியோடு பாய்கிறார். சந்தேகம் தீர்ந்ததும் அந்த ஆள் படத்தில் இருந்த சுவடே இல்லை. மகளை இழந்த ஒரு தகப்பனின் துக்கம், பார்வையாளனை இருபது நிமிஷம் ஏமாற்றும் பொம்மையாகிவிட்டது. இதில் முரண் எதுவும் இல்லை, ஆகவே ஓட்டையும் இல்லை. ஆனால் எழுத்து பலவீனம். திசை திருப்ப ஒரு பாத்திரத்தைக் கொண்டுவருவதில் தப்பே இல்லை. திருப்பி முடித்த பிறகும் அந்தப் பாத்திரத்துக்கு என்று ஒரு வாழ்க்கை மிச்சமிருக்க வேண்டும்.

நான்காவது புகாரில்தான் விஷயம் இருக்கிறது. டேவிட் தன் படிப்பறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு கேட்டபடி குறிப்பு எழுதுவதை நாம் பார்க்கிறோம். திருப்பம் உடைகிற இடத்தில் அவர் அதே அறைக்குள் போகிறார். குடிவந்தபோது கொண்டுவந்த அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அவர் அங்கே உட்கார்ந்து எழுதியதே இல்லை. அந்த நேரத்தில் எல்லாம் அவர் சார்லியாக உலாவிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை பார்க்கும்போது சிலிர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். பெட்டிகளின் மேல் கேமரா நகரும் அந்த அரை நிமிஷம்தான் படத்திலேயே நல்ல அரை நிமிஷம். ஆனால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். படம் நமக்கு ஒன்றைக் கண்ணால் காட்டியது. பிறகு “அது பொய், அழித்துவிடு” என்கிறது. அலமாரிக்குள்ளிருந்து பாய்ந்தது யார் என்று முகத்தைக் காட்டாமல் விட்டார்களே, அது மறைத்தல். மறைப்பது திரில்லருக்குத் தொழில். படிப்பறையில் நடந்ததோ பொய் சொல்லுதல்.

இதே பழி ஹிட்ச்காக்கின் மேலும் விழுந்தது. 1950இல் வந்த ‘ஸ்டேஜ் ஃபிரைட்’ படத்தின் ஆரம்பத்தில் ஒருவன் சொல்லும் ஃபிளாஷ்பேக்கைக் காட்டுகிறார்கள். கடைசியில்தான் அவன் சொன்னது முழுப் பொய் என்று தெரிகிறது. பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவோடு நடந்த நீண்ட உரையாடலில், அந்தப் படத்தில் செய்திருக்கவே கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன், பொய்யான ஒரு ஃபிளாஷ்பேக்கை வைத்துவிட்டேன் என்று ஹிட்ச்காக்கே வருந்தினார். வாயால் சொல்கிற பொய்யைப் பார்வையாளன் மன்னிப்பான். கண்ணால் கண்டது பொய்யானால் அவனுக்குக் கோபம் வரும். டேவிட்டின் மனதுக்குள்ளிருந்து பார்க்கிறோம் என்று வாதாடலாம்தான். அப்படியானால் படம் முழுக்க அவர் மனதுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். எமிலி தனியாக இருக்கும் காட்சிகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இஷ்டத்துக்குத் தாவிவிட்டு, மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் “அது அவர் கண்ட பிரமை” என்றால் எப்படி?

தெரிந்தவரின் நாற்காலி

ஒரு திரில்லர் ஒழுங்காக எழுதப்பட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ரகசியம் ஆரம்பத்திலிருந்தே தெரிந்த பாத்திரம் யார் என்று கண்டுபிடியுங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போது அந்தப் பாத்திரத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். கதாநாயகனை விட்டுவிடுங்கள். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

1999இல் வந்த ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ படத்தில் அந்த நாற்காலி கோல் என்ற சிறுவனுடையது. இறந்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிவார்கள். அவனுக்கு உதவ வரும் குழந்தை உளவியலாளர் மால்கம் இறந்துபோனவர், அவருக்கே அது தெரியாது. கோலின் இடத்திலிருந்து முதல் சந்திப்பைப் பாருங்கள். வீட்டை விட்டு வந்தவன் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிகிறான். முதல் தடவை “கூச்ச சுபாவம்” என்று நினைத்தோம். இரண்டாம் தடவை, செத்த ஆள் ஒருவர் பின்னாலேயே வந்தால் பையன் வேறெங்கே ஓடுவான்? அவன் பள்ளிவிட்டு வரும்போது கூடத்தில் அம்மாவும் மால்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. மால்கம் தன் வீட்டின் நிலவறைக் கதவுப் பிடியைத் திருகித் திருகிப் பார்க்கிறார், திறக்கவில்லை. கடைசியில் அந்தக் கதவின் முன்னால் மேசை கிடப்பது தெரிகிறது. டேவிட்டின் அட்டைப்பெட்டியும் மால்கமின் கதவும் ஒரே வேலையைச் செய்ய வந்தவைதான். ஆனால் கதவு திறக்காததை முன்கூட்டியே நம் கண்ணெதிரே வைத்தார்கள், நாம்தான் கவனிக்கவில்லை. பெட்டிகளை அப்படி வைக்கவில்லை. கூடவே ஒரு விதியையும் கோலின் வாயாலேயே சொல்லவைத்தார்கள்: செத்தவர்களுக்குத் தாங்கள் செத்தது தெரியாது, தாங்கள் பார்க்க விரும்புவதை மட்டுமே பார்ப்பார்கள். “பஸ்ஸில் டிக்கெட் எப்படி எடுத்தார்?” போன்ற கேள்விகளை எல்லாம் அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது.

இப்போது எமிலியின் நாற்காலிக்கு வாருங்கள்.

பூனை செத்த ராத்திரி. அப்பா மகளைப் பார்த்து, இதை நீ செய்தாயா என்கிற மாதிரிக் கேட்கிறார். எமிலிக்குத் தெரியும், கேட்கிற ஆளே செய்த ஆள். அந்தக் குழந்தையின் முகத்தில் என்ன இருக்க வேண்டும்? பயமா? அப்பாவுக்கு ஞாபகமில்லையே என்ற குழப்பமா? “நீதானேப்பா?” என்று நாக்கு நுனி வரை வந்து நிற்கும் வார்த்தையா? திரையில் இருப்பது கண்ணுக்குக் கீழே கருவளையம், அசையாத முறைப்பு, பேய்க் குழந்தையின் மிரட்டல். ஏனென்றால் இந்தப் பெண்ணுக்குள்தான் ஏதோ கெட்டது இருக்கிறது என்று நாம் நினைக்க வேண்டும். விருந்துக்கு வரும் பெண்ணிடம், என் அம்மா தொட்டியில்தான் செத்தாள் என்று குரல் ஏறாமல் இறங்காமல் சொல்கிறாள். பொம்மையின் முகத்தைச் சிதைக்கிறாள். இவை எதுவும் எமிலி என்ற குழந்தைக்காக எழுதப்பட்டவை அல்ல. நமக்காக எழுதப்பட்டவை.

கடைசி அரை மணி நேரத்தில் சார்லியைக் கண்டு அவள் அலறி ஓடுகிறாள். நியாயமான பயம். அப்படியானால் முக்கால்வாசிப் படத்தில் அந்தப் பயம் எங்கே போயிருந்தது? முதலில் சார்லி விளையாட்டுத் தோழன், பிறகு பயங்கரமாகிவிட்டான் என்று சொல்லலாம். அப்பா உடைந்துவிடுவார் என்று காப்பாற்றினாள் என்றும் சொல்லலாம். இரண்டும் நல்ல விளக்கங்கள்தான். ஆனால் தோழமை பயமாக மாறிய அந்தத் தருணம் எந்தக் காட்சியில் இருக்கிறது? அப்பாவைக் காப்பாற்றும் மகளின் தவிப்பு எந்த வசனத்தில் இருக்கிறது? அந்தக் காட்சிகளை நாம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதுதான் நல்ல கதை: தன் அப்பாவுக்குள் ஒரு கொலைகாரன் இருப்பது தெரிந்தும், அதை அப்பாவிடமே சொல்ல முடியாமல், அவரோடு ஒரே வீட்டில் ராத்திரி தூங்கப்போகும் சிறுமி. டகோட்டா ஃபானிங்குக்கு அதை நடிக்கத் திறமை இருந்தது. திருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக அதைக் கைவிட்டார்கள்.

ஆக, கறாராகப் பார்த்தால் இந்தப் படத்தில் ஓட்டை என்று அடித்துச் சொல்ல ஒன்றோ இரண்டோதான் தேறும். ஏமாற்றம் அங்கிருந்து வரவில்லை. கடைசிக் காட்சியைத் தீர்மானித்துவிட்டு, அதை மூடிவைக்கும் துணியாக எல்லாரையும் பயன்படுத்தியதிலிருந்து வருகிறது.

முடிவின் மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு ஒரு கூத்து உண்டு. அப்போது ஃபிலிம் பிரதிகள்தான். தியேட்டர்களுக்குப் படத்தின் மற்ற ரீல்களை அனுப்பிவிட்டு, ரகசியம் வெளியே போகாமலிருக்கக் கடைசி ரீலை மட்டும் தனியே பாதுகாப்போடு அனுப்பியது தயாரிப்பு நிறுவனம். இவ்வளவு பத்திரப்படுத்திய முடிவு ஒன்றே ஒன்றுதானா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்கத் தியேட்டர்களில் ஒன்று, வெளிநாடுகளில் வேறொன்று, டிவிடியில் இன்னும் சில. ஒன்றில் எமிலி மனநல மருத்துவமனை அறையில் இருக்கிறாள். இன்னொன்றில் புது வீட்டில் இருக்கிறாள். எந்த முடிவை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்கிற கதை, எந்த முடிவை நோக்கியும் நடந்து வரவில்லை என்றுதான் அர்த்தம்.

அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டியதில் அப்பா இறந்தாயிற்று. அவரிடம் படித்து, இப்போது எமிலியை வளர்க்கும் கேத்தரின் அவளைப் பள்ளிக்குக் கிளப்புகிறாள். எமிலி ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறாள், தானும் கேத்தரினும் நிற்பதுபோல. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருவரும் கிளம்புகிறார்கள். கேமரா மெல்ல அந்தக் காகிதத்தின் பக்கம் வருகிறது. வரைந்த எமிலிக்கு இரண்டு தலை.

அப்பாவின் சார்லி மகளுக்கும் ஒட்டிக்கொண்டானாம். எப்போது, எதனால் என்று எமிலியின் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படத்தையும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்தக் காகிதத்தைத் தவிர வேறெங்கும் அந்த இரண்டாவது தலையைக் காணோம்.